நாளைக்கு மிஞ்சுவதே பாடம்: வகுப்பறை அறிவியலும் விளையாட்டுப் பயிற்சியும்

வடசென்னையில் குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவரை வாத்தியார் என்றே அழைக்கிறார்கள். சிலம்பக் கூடத்திலும் அதே சொல்தான். கணக்குச் சொல்லித்தருபவரும் வாத்தியார், கம்பு சுழற்றச் சொல்லித்தருபவரும் வாத்தியார். மொழி ஒன்றாகப் பார்த்த இருவரையும் நம் பள்ளிகள் பிரித்து வைத்திருக்கின்றன. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அவர் பாடம் நடத்தும் முறையை மைதானத்துக்காரர் எட்டிப் பார்ப்பதில்லை. மைதானத்தில் நடப்பதும் கற்பித்தல்தான் என்று வகுப்பறைக்காரர் எண்ணுவதில்லை.

மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வகுப்பறைகளிலும் உளவியல் ஆய்வுக்கூடங்களிலும் ஏராளமான அறிவு சேர்ந்திருக்கிறது. விளையாட்டுப் பயிற்சிக்கு அது பயன்படுமா, எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே பொருந்தாமல் போகும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து இங்கே கொண்டுவரத் தக்கவற்றில் மிகப் பெரியது எந்த உத்தியும் அல்ல, ஓர் அளவுகோல். இன்று பயிற்சியில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் வேறு, நாளைக்கு மிஞ்சி நிற்கும் கற்றல் வேறு என்ற தெளிவு அது.

பயிற்சியாளரிடம் பாடம் கேட்ட கல்வியாளர்கள்

இந்த உறவு தொடங்கியபோது அறிவு எதிர்த்திசையில் பயணம் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஹவாயின் ஹொனலூலுவில் பூர்வகுடிக் குழந்தைகளின் படிப்பை மேம்படுத்தும் பள்ளித் திட்டம் ஒன்றில் ஈடுபட்டிருந்தார்கள். தலைசிறந்த ஆசிரியர் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து பார்க்க விரும்பினார்கள். அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஜான் வுடன். 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்ற அணி அவருடையது. அதற்கெல்லாம் முன்பு அவர் இண்டியானா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்.

1974-75 பருவத்தில் 15 பயிற்சி அமர்வுகளில் இருவரும் ஓரமாக உட்கார்ந்து, வுடன் செய்த ஒவ்வொரு கற்பித்தல் செயலையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326 செயல்கள். நீண்ட உரைகளையும் உணர்ச்சி பொங்கும் பேச்சுகளையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. அவர் ஒரு தடவை வாய் திறந்தால் 20 விநாடியைத் தாண்டுவதே அரிது. செயல்களில் பாதி, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நேரடி அறிவுறுத்தல். பாராட்டு 6.9 சதவீதம், கண்டிப்பு 6.6 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டினால், ஏறத்தாழ முக்கால் பங்கில் ஆட்டக்காரருக்குப் பயன்படும் ஒரு தகவல் இருந்தது.

அவர்களுடைய குறிப்புகளில் ஒரு செயல் தனித்துத் தெரிந்தது. ஒருவன் தவறாகப் பந்தை அனுப்புகிறான். வுடன் ஆட்டத்தை நிறுத்துகிறார். சரியான முறையைச் செய்துகாட்டுகிறார், அவன் செய்த தவறை அப்படியே செய்துகாட்டுகிறார், மறுபடியும் சரியானதைச் செய்துகாட்டுகிறார். எல்லாம் சில விநாடிகளுக்குள். உடனே ஆட்டம் தொடர்கிறது. சரி, தவறு, சரி என்ற இந்த அடுக்கில் கடைசியாகக் கண்ணில் தங்குவது சரியான உருவம். கரும்பலகையில் தவறான விடையையும் சரியான விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வேறுபாட்டைக் காட்டும் நல்ல கணக்கு ஆசிரியர் செய்வதும் இதுதான்.

மைதானத்தில் தெரிந்த அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் நீண்ட தயாரிப்பு இருந்தது. அன்றன்றைய பயிற்சியை உதவியாளர்களுடன் காலையில் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் திட்டமிட்டு, சிறு அட்டையில் எழுதிக்கொண்டு வருவார் வுடன். முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளையும் புரட்டிப் பார்ப்பார். பாடக் குறிப்பு எழுதும் ஆசிரியரின் பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை.

வரிசையில் கரையும் நேரம்

1970-களில் கலிஃபோர்னியாவில் நடந்த ஆசிரியர் மதிப்பீட்டு ஆய்வு ஓர் எளிய உண்மையை நிறுவியது. பீரியடின் நீளத்தை வைத்து மாணவரின் முன்னேற்றத்தைக் கணிக்க முடியாது. தன் நிலைக்கு ஏற்ற வேலையில், பெரும்பாலும் வெற்றி கிடைக்கும் விதத்தில், அவர் உண்மையில் ஈடுபட்டிருந்த நேரமே கணக்கு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேரில் சீடன்டாப்பும் அவருடைய மாணவர்களும் இந்த அளவை உடற்கல்வி வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். காத்திருத்தல், விளக்கம் கேட்டல், இடம் மாறுதல் ஆகியவை பெரும்பகுதியை விழுங்க, குழந்தைகள் உண்மையில் கற்றுக்கொண்டிருந்த நேரம் மிகச் சிறிதாக இருந்தது.

நம் மைதானத்திலேயே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சியாளர் பந்தைத் தூக்கிப்போட ஒவ்வொருவராக வந்து ஸ்மாஷ் அடிக்கிறார்கள். ஒரு முயற்சிக்கு 15 விநாடி என்றால் ஒரு சுற்று முடிய 5 நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பவை நான்கு அடிகள். ஒரு நிமிடம் பயிற்சி, 19 நிமிடம் நிற்றல். தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு ஒழுங்கான பயிற்சி நடப்பதுபோல்தான் தெரியும். அதே 20 பேரை நான்கு ஐவர் குழுக்களாகப் பிரித்து, கையிலிருக்கும் பந்துகளைப் பங்கிட்டு, பிள்ளைகளே ஒருவருக்கொருவர் பந்து போடும்படி செய்தால் முயற்சிகள் நான்கு மடங்காகும். வகுப்பறை ஆய்வுகள் மைதானத்துக்குத் தரும் பரிசுகளில் செலவில்லாததும் சந்தேகத்துக்கு இடமில்லாததும் இதுதான்.

சொல்லின் எடை

பின்னூட்டம் தந்தால் ஆள் முன்னேறுவார் என்பது பொதுவான நம்பிக்கை. 1996-இல் அவ்ராஹம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டி 607 விளைவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் பயனளித்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறனைக் குறைத்திருந்தது. செய்யும் வேலையை நோக்கிய சொல் உதவுகிறது. ஆளை நோக்கிய சொல், அது புகழ்ச்சியாகவே இருந்தாலும், கவனத்தை வேலையிலிருந்து பிரித்துத் தன்மேலேயே திருப்பிவிடக்கூடும். “உனக்குப் பிறவியிலேயே கை ஓட்டம் இருக்கு” என்பதைவிட “பந்து இறங்குறதுக்கு முன்னாடியே கால் வெச்சுட்ட, அதான் அடி சரியா விழுந்துச்சு” என்பதில் நாளைக்கும் பயன்படும் ஒன்று இருக்கிறது.

எவ்வளவு அடிக்கடி சொல்வது என்பது அடுத்த கேள்வி. கரோலீ வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைத் தெரிந்துகொண்டவர்களைவிடப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் தெரிந்துகொண்டவர்கள் அந்த அசைவைப் பிறகு நன்றாகத் தக்கவைத்திருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் குரல் வந்தால் பிள்ளையின் காது அந்தக் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. தன் உடல் சொல்வதைக் கேட்கும் பழக்கம் வளர்வதில்லை. போட்டி நாளில் கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சின் குரல் உள்ளே எட்டாது.

சொல்லின் தன்மை பிள்ளைகளை விளையாட்டிலேயே தக்கவைக்கவும் செய்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித்தும் ஃப்ராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சி தந்தார்கள். நல்ல முயற்சியைக் கவனித்துச் சொல்வது, தவறு நேர்ந்தால் தைரியம் தந்து திருத்துவது, கடிந்துகொள்வதைக் குறைப்பது ஆகியவையே அதன் சாரம். 1992-இல் வெளிவந்த முடிவுகளின்படி, பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 5 சதவீதம் பேரே அடுத்த ஆண்டு விலகினார்கள். மற்றவர்களிடம் ஆடியவர்களில் விலகியோர் 26 சதவீதம். அந்த ஆய்வில் இருந்த பயிற்சியாளர்கள் 18 பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் விலகிப்போன பிள்ளைக்கு எந்த உத்தியும் பயன்படாது என்பதால் இந்த எண்ணை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உலகத்தரம் எட்டிய 120 பேரைப் பற்றி பெஞ்சமின் ப்ளூம் 1985-இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு சேர்கிறது. நீச்சல் வீரர்களானாலும் பியானோ கலைஞர்களானாலும், அவர்களுடைய முதல் ஆசிரியர்களிடம் பெரும்பாலும் தெரிந்தது குழந்தைகளிடம் அன்பாகப் பழகும் குணம். நுட்பத்தில் கறாரான ஆசிரியர்கள் பிற்பாடுதான் வந்தார்கள்.

இன்றைய ஆட்டமும் நாளைய நினைவும்

2007-இல் டக் ரோரரும் கெலி டெய்லரும் கல்லூரி மாணவர்களுக்குத் திண்ம வடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளைக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. மற்றொரு குழுவுக்கு எல்லா வகைகளும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழு 89 சதவீதமும், கலந்து செய்த குழு 60 சதவீதமும் சரியாகச் செய்தன. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் குழுவுக்குக் கிடைத்தது 20 சதவீதம், கலந்து செய்த குழுவுக்கு 63.

பயிற்சி நாளன்று மட்டும் வந்து பார்த்த ஒருவர் எந்த ஆசிரியரைச் சிறந்தவர் என்று சொல்லியிருப்பார்? இந்தக் கேள்வியிலிருந்து எந்தப் பயிற்சியாளரும் தப்ப முடியாது.

உடல் அசைவிலும் இந்த விளைவு முன்பே தெரிந்திருந்தது. வில்லியம் பாட்டிக் சொற்களைக் கற்பதில் கண்டதை, 1979-இல் ஜான் ஷேயும் ராபின் மோர்கனும் கை அசைவுகளில் சோதித்தார்கள். சிறு மரத்தடுப்புகளை மூன்று வெவ்வேறு வரிசைகளில் தட்டிவிட வேண்டும். ஒன்றை முடித்து அடுத்ததைப் பழகியவர்கள் அன்று வேகமாக இருந்தார்கள். கலந்து பழகியவர்கள் பத்து நாள் கழித்து முந்தினார்கள். 1986-இல் சினா குட், ரிச்சர்ட் மாகில் இருவரும் பாட்மின்டன் சர்வீஸிலும் இதைப் பார்த்தார்கள். 1994-இல் ஒரு கல்லூரி பேஸ்பால் அணியில் ஆறு வாரம் சோதனை நடந்தது. மூன்று வகைப் பந்துகளையும் எது வரும் என்று தெரியாமல் கலந்து எதிர்கொண்டவர்கள் ஏறத்தாழ 57 சதவீதம் முன்னேற, வகை வகையாகப் பழகியவர்கள் 25 சதவீதமே முன்னேறினார்கள்.

இடைவெளிவிட்டுப் படித்தால் மனதில் நிற்கும் என்பது உளவியலின் மிகப் பழைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1978-இல் ஆலன் பாட்லியும் லாங்மனும் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சு கற்றதை ஆராய்ந்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் அதே திறனை அடைந்தார்கள். ஆனால் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி கொண்டவர்களும் அவர்களே. நன்றாகக் கற்பவருக்குத் தான் நன்றாகக் கற்பது தெரிவதில்லை. இவ்வகைத் தடைகளை ‘விரும்பத்தக்க சிரமங்கள்’ என்ற கருத்தில் ராபர்ட் ப்யோர்க் 1994-இல் தொகுத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கலந்து பழகுவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் ஃப்ராங்க் ப்ரேடி கணக்கிட்டபோது, ஆய்வுக்கூடத்தில் 0.57 ஆக இருந்த விளைவின் அளவு, உண்மையான விளையாட்டுச் சூழலில் 0.19 ஆகச் சுருங்கியது. அதற்குப் பின் வந்த தொகுப்புகளும் மைதானத்துப் பயனை அடக்கமாகவே மதிப்பிடுகின்றன. காரணம் ஊகிக்கக்கூடியதே. ராக்கெட்டைப் பிடிக்கவே இன்னும் பழகாத சிறுமிக்கு மூன்று வகை சர்வீஸைக் கலந்து தந்தால் அது வெறும் குழப்பம். மார்க் குவாடக்னோலி, டிமோதி லீ இருவரும் 2004-இல் முன்வைத்த விளக்கம் இந்த இடத்தில் உதவுகிறது. சிரமத்தின் சரியான அளவு கற்பவரின் திறனைப் பொறுத்தது. தொடக்கத்தில் ஒன்றையே திரும்பச் செய்து கை பழகட்டும். கை பழகிய பின்னும் அதிலேயே நின்றுவிட்டால் அது வெறும் சுகம்.

சொல்லித்தருவதா, கண்டுபிடிக்க விடுவதா?

வகுப்பறையின் பழைய சண்டை மைதானத்துக்கும் வந்திருக்கிறது. மனம் ஒரே நேரத்தில் மிகச் சில புதிய செய்திகளையே கையாள முடியும், ஆகவே தொடக்க நிலையில் செய்துகாட்டி, சிறு படிகளாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஜான் ஸ்வெல்லரின் அறிவாற்றல் சுமைக் கொள்கை. பராக் ரோசன்ஷைன் தொகுத்த கற்பித்தல் நெறிகளும் அந்தப் பக்கமே. அமெரிக்கக் கல்வியாளர் டக் லெமோவ் 2020-இல் பயிற்சியாளர்களுக்காக எழுதிய நூலில் இவற்றைக் கால்பந்து மைதானத்துக்கு நேரடியாகக் கொண்டுவந்தார்.

எதிர்ப்பக்கமும் வலுவானது. 1982-இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும், நுட்பத்தைத் தனியே அறுத்து எடுத்துப் பழக்கும் முறையை விமர்சித்தார்கள். சிறு ஆட்டம் ஒன்றை ஆடவிட்டு, அதில் எழும் சிக்கலிலிருந்து நுட்பத்தின் தேவையை உணரவைக்க வேண்டும் என்றார்கள். சோவியத் அறிவியலாளர் நிகொலாய் பெர்ன்ஸ்டைன் 1920-களில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, அடி ஒரே இடத்தில் விழுந்தாலும் கையின் பாதை ஒவ்வொரு முறையும் மாறுவதைக் கண்டார். அந்த வழியில் வந்த கீத் டேவிட்ஸ் போன்றோர், ஆடுகளத்தின் அளவையும் விதியையும் பந்தையும் மாற்றினால் போதும், உடல் தன் தீர்வைத் தானே தேடிக்கொள்ளும் என்கிறார்கள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வார்த்தையால் ஏற்றும் சுமை ஆபத்தானது என்பதில் இரு பக்கமும் ஒன்றுபடுகின்றன. ரிச் மாஸ்டர்ஸ் 1992-இல் நடத்திய சோதனையில், கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளுவதை விதி விதியாகக் கேட்டுக் கற்றவர்கள் நெருக்கடியில் தடுமாறினார்கள். விதிகள் ஏதும் மனதில் சேராத விதத்தில் கற்றவர்கள் அப்படித் தடுமாறவில்லை. “தோளைத் திருப்பு, முழங்கையைத் தூக்கு, மணிக்கட்டை விடு, காலை மாத்து” என்று ஒரே மூச்சில் சொல்லும் கோச், சுமைக் கொள்கையின்படியும் தவறு செய்கிறார், பெர்ன்ஸ்டைனின்படியும் தவறு செய்கிறார். ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் காட்டித் தருவதாக இருக்கட்டும்.

“புரிஞ்சுதா?”

பயிற்சியாளர் விளக்கி முடித்ததும் கேட்கிறார்: “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” வட்டமாக நிற்கும் பிள்ளைகள் ஒரே குரலில், “புரிஞ்சுது சார்.” விசில் ஊதியதும் பாதிப் பேர் தவறான திசையில் ஓடுகிறார்கள்.

1998-இல் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் வகுப்பறை மதிப்பீடு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது இதைத்தான். கற்பித்துக்கொண்டிருக்கும்போதே மாணவர் எங்கே நிற்கிறார் என்று அறிந்து அடுத்த அடியை மாற்றிக்கொள்ளும் ஆசிரியரிடம் கற்றல் உயர்கிறது. ‘புரிந்ததா’ என்ற கேள்விக்கு மரியாதை மட்டுமே பதிலாகக் கிடைக்கும். “எதிரணிப் பந்து வலது ஓரத்துக்குப் போனா நீ எங்க நிப்ப? போய் நின்னு காட்டு” என்றால் புரிதல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மைதானத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. மாணவரின் மனதுக்குள் நடப்பது கணக்கு ஆசிரியருக்குத் தெரியாது. பயிற்சியாளருக்கு முன்னால் எல்லாமே உடலில் எழுதிக் காட்டப்படுகிறது, படிக்கத் தெரிந்தால்.

வகுப்பறையிலிருந்து எடுத்துவரக் கூடாதவையும் உண்டு. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லரும் சகாக்களும் 2008-இல் நிறுவினார்கள். இன்றும் அது பயிற்சியாளர் வகுப்புகளில் புழங்குகிறது.

மைதானம் வகுப்பறை அல்ல

கணக்குக்கு எதிராளி கிடையாது, பந்துக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். ஷான் மியூலர், ப்ரூஸ் அபர்நெதி, டேமியன் ஃபாரோ ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே பந்துவீச்சாளரின் கையிலும் மணிக்கட்டிலும் தெரியும் குறிப்புகளைத் தேர்ந்த பேட்ஸ்மேன்கள் படிப்பது தெரிந்தது. பந்துவீசும் எந்திரத்துக்கு எதிரே மணிக்கணக்கில் நெட் பிராக்டிஸ் செய்யும் பிள்ளைக்கு அந்தக் குறிப்புகள் கிடைப்பதே இல்லை. எந்திரத்துக்கு எதிரே பிள்ளைகளின் மட்டை அசைவின் நேரமே மாறிவிடுவதை ராஸ் பிண்டரும் சகாக்களும் காட்டினார்கள். வினாத்தாளைப் பார்க்காமலே விடையை மனப்பாடம் செய்வது போன்றதுதான் இதுவும்.

உடலுக்குக் களைப்பும் காயமும் வளர்ச்சியும் உண்டு. ஒரே ஆண்டில் அரை அடி உயர்ந்த சிறுவன், தெரிந்ததையே மறுபடியும் கற்க வேண்டியிருக்கிறது. மேலும், பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, போட்டி விளையாட்டோ வடிகட்டுகிறது. ப்ரூக் மெக்னமாராவும் சகாக்களும் 2014-இல் தொகுத்தபோது, விளையாட்டில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது 18 சதவீதத்தைத்தான். நல்ல கற்பித்தலுக்கு எல்லை உண்டு என்று இந்த எண் சொல்கிறது. கூடவே, எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க முயலும் பயிற்சியாளரையும் எச்சரிக்கிறது.

முதல் பத்து சர்வீஸ்

ஆதாரங்களை எடைபோட்டால் ஒரு வரிசை கிடைக்கிறது. பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும் நேரத்தைக் குறைப்பது, தகவல் நிறைந்த குறுகிய சொல், ஆளை விட்டு வேலையைப் பேசுவது, புரிதலைக் கேட்காமல் செய்யச் சொல்லிப் பார்ப்பது ஆகியவற்றை இன்றே எந்த மைதானத்திலும் தயங்காமல் தொடங்கலாம். இடைவெளிவிட்டுப் பழகுவதும் அப்படியே. கலந்து பழகுவதை ஆளின் நிலை பார்த்து அளவோடு சேர்க்க வேண்டும். விளக்கமா கண்டுபிடிப்பா என்பதை ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியே முடிவுசெய்ய வேண்டும்.

1920-இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு நூறாண்டு கடந்துவிட்டது. உடற்கல்வியும் ஆசிரியர் பணியே என்ற எண்ணம் இங்கே புதிதல்ல. அந்த எண்ணத்தை அகாடமிகளும் மைதானங்களும் மறுபடி கையில் எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மறுநாள் பிள்ளைகள் வந்து வார்ம்-அப் முடித்ததும், ஒரு சொல்லும் சொல்லாமல், ஆளுக்குப் பத்து சர்வீஸ் போடச் சொல்லுங்கள். எத்தனை சரியாக விழுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். நேற்று பயிற்சி முடிகிற நேரத்தில் விழுந்தவற்றோடு ஒப்பிடாதீர்கள், போன வாரம் இதே நாளில் போட்ட முதல் பத்தோடு ஒப்பிடுங்கள். அந்த எண் பிள்ளைக்கு இடும் மார்க் அல்ல. அவருடைய வாத்தியாருக்கு இடும் மார்க்.